படச்சுருளின்றிப் படம் பயின்றோர்

சலனப்படம் தனியொருவர் கலையன்று. புலவனொருவன் தாளும் எழுதுகோலும் கொண்டு தனித்திருந்து தன் நூலை முடித்தல் கூடும். ஐந்து நிமிடமே ஓடும் குறும்படத்துக்கோ கதையை வகுப்போர், நடிப்போர், ஒளியமைப்போர், கமராவை இயக்குவோர், துண்டுகளை இணைத்துத் தொகுப்போர் எனப் பலர் வேண்டப்படுவர். இக்காரணம் பற்றியே குறும்படம் ஆக்கல் மாணவர்க்கேற்ற குழுச் செயற்றிட்டமாக மதிக்கப்படுகின்றது. இன்று கைத்தொலைபேசியொன்றே கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தொகுப்புக் கூடமுமாய் அமைந்துவிட்டமையாற் கருவியில்லையென்னும் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயின், கருவி எளிதிற் கிடைத்தவிடத்துப் பயிற்சியும் எளிதிற் கிடைத்துவிடும் எனக் கொள்ளலாமோ? படச்சுருள் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்து மாணவர் குழுவொன்றின் வரலாறு இவ்வினாவை ஆராய்தற்குத் துணைசெய்கின்றது.

1919ஆம் ஆண்டிலே மொஸ்கோ நகரில் அரசாங்கத் திரைப்படப் பள்ளியொன்று நிறுவப்பட்டது. திரைப்படக் கலையைக் கற்பித்தற்கென ஓர் அரசு தொடங்கிய முதற் பள்ளி இதுவே என்பர். அங்கு ஆசிரியராய் அமர்ந்த லெவ் குலெஷோவ் 1899ஆம் ஆண்டிற் பிறந்தவர். அஃதாவது, இருபது வயதை அப்போதுதான் கடந்தவர். அவரிடம் பாடங்கேட்ட புடோவ்கினோ ஆசிரியரிலும் ஆறு வயது மூத்தவர், இரசாயனம் பயின்றவர், முதலாம் உலகப் போரிலே ஜேர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டவர். மற்றொரு மாணவரான போரிஸ் பார்னெட் குத்துச்சண்டை வீரர். அலெக்சாந்திரா ஹொக்லோவா என்னும் அம்மையார் அக்காலத்துத் திரையழகியரின் சாயல் சிறிதுமில்லாதவர். இவ்வாறு வயதாலும் தொழிலாலும் வேறுபட்டோர் கூடியதே குலெஷோவின் பயிற்சிக்குழு.

அந்நாளில் ருஷ்யாவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. படச்சுருள் பிற நாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தமையால், வாணிபம் தடைப்பட்டதும் அது பொன்னினும் அரிதாயிற்று. படம் பிடித்தற்கு வழியில்லையென்று கைகட்டியிராது, படச்சுருளில்லாப் படங்களை இக்குழுவினர் ஆக்கினர். கதையைச் சிறு சிறு காட்சித் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மேடையிலே நடித்து, திரையில் ஒன்றன்பின் ஒன்று தோன்றுமாப்போல விரைந்து மாற்றிக் காட்டினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என இதனை நகையாடுவோர் இருத்தல் கூடும். ஆனால், இன்ன துண்டின்பின் இன்ன துண்டு வரவேண்டும், இவ்வசைவு இத்துணை நேரமே நீளவேண்டும், இக்கை இவ்விடத்தே நிற்கவேண்டும் என்பனவற்றை மாணவர் ஓரடிச் சுருளையும் செலவிடாமலே அறிந்துகொண்டனர். சோம்பியிருந்தவன் அங்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒருவன் தன் முறையைத் தவறவிட்டால் அடுத்த துண்டு தொடங்கமாட்டாது, முழுக்குழுவும் நின்றுவிடும்.

துண்டுகளை இணைத்தலிலேதான் திரைப்படத்தின் உயிர் உள்ளதென்பது குலெஷோவின் துணிபு. இதனை நிறுவ அவர் செய்த சோதனைகளுள் ஒன்று உலகறிந்தது. மொஸ்யூகின் என்னும் நடிகரின் உணர்ச்சி காட்டாத முகமொன்றைப் பழைய படமொன்றிலிருந்து எடுத்து, அதனையே வெவ்வேறு காட்சிகளோடு மாறி மாறி இணைத்தார். சூப்புக் கிண்ணத்தோடு சேர்ந்தபோது அம்முகத்திற் பசியும், சவப்பெட்டியோடு சேர்ந்தபோது துயரமும் தோன்றினவாம். அச்சோதனைப் படம் இன்று எஞ்சவில்லை; இணைத்த காட்சிகள் யாவை என்பதிற்கூட ஆசிரியர் கூற்றும் மாணவர் கூற்றும் ஒத்துவரவில்லை. எனினும் அதன் உண்மையை எவரும் தாமே செய்து பார்க்கலாம். ஒரு முகமும் இரண்டு பொருள்களும் போதும். மற்றொரு சோதனையில் மொஸ்கோ நகரின் வெவ்வேறிடங்களில் நடந்துவரும் ஆணும் பெண்ணும் ஓரிடத்திற் சந்தித்துக் கைகுலுக்குகின்றனர். அவர்கள் நோக்கும் திசையிலே அமெரிக்காவின் வெள்ளை மாளிகை தோன்றுகின்றது! இல்லாத ஊரொன்றைத் துண்டுகளை இணைத்தே படைத்துவிட்டனர். பல பெண்களின் உறுப்புகளைத் தனித்தனியே படமெடுத்து, எங்குமில்லாத ஒரு பெண்ணையும் அவ்வாறே உருவாக்கினர்.

இப்பயிற்சியின் பயன் பின்னர் வெளிப்பட்டது. 1924ஆம் ஆண்டிலே, அமெரிக்கர் ஒருவர் சோவியத்து நாட்டுக்கு வந்து ஏமாறுவதைக் கூறும் நகைச்சுவைப் படமொன்றைக் குழுவினர் ஒன்றுசேர்ந்து ஆக்கினர். அதில் நடித்த புடோவ்கின் நெறியாளருக்குத் துணையாகவும் பணியாற்றினார். பார்னெட் அமெரிக்க மாட்டிடையனாக நடித்தார். 1926ஆம் ஆண்டில், ஜாக் லண்டனின் சிறுகதையொன்றைத் தழுவி, மிகச் சிலரே நடிக்க, பெரும்பகுதி ஒரு மரக்குடிலுள்ளே நிகழும் படமொன்றை மிகக் குறைந்த செலவில் முடித்தனர். புடோவ்கினும் பார்னெட்டும் பின்னர்த் தாமே புகழ்பெற்ற நெறியாளராயினர்.

இனி இன்றைய மாணவர் நிலையை நோக்குவோம். 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஓரடிக்கு 16 படங்கள் அடங்கும். பேசும்படம் செக்கனுக்கு 24 படங்களாக ஓடுவதால் நிமிடமொன்றுக்கு 90 அடி வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 450 அடி. ஒவ்வொரு துண்டையும் மும்முறை எடுப்பின் 1,350 அடி செலவாகும். இக்கணக்கு முன்னோர் ஒவ்வொருவர் மனத்திலும் உறுத்திக்கொண்டேயிருந்தது. கைத்தொலைபேசிக்கு அவ்வுறுத்தல் இல்லை. ஆதலால் எண்ணாது எடுத்து, எடுத்ததைப் பாராது, முடிவிலே நூற்றுக்கணக்கான துண்டுகளின் நடுவே திகைத்து நிற்கும் குழுக்களே பல. ஒரு துண்டுக்கு மூன்று முறைக்குமேல் எடுத்தலாகாது என ஆசிரியர் விதித்துவிடின், பாதித் திகைப்பு அன்றே தீரும்.

கதை சிறிதாயிருத்தல் வேண்டும். மாணவர் பெரும்பாலும் மூன்று தலைமுறைக் கதையை ஐந்து நிமிடத்துள் அடக்க முயல்வர். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராத நண்பனை இன்னொருவன் தேடிச் செல்கின்றான், அவ்வளவே போதும். ஓரிடம், இருவர், ஒரு நிகழ்ச்சி. இதனைப் பதினைந்து துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோட்டுப்படம் வரைந்து, முதலிற் கமராவின்றியே வகுப்பறையில் நடித்துப் பார்க்கவேண்டும். இருவர் எதிரெதிரே நின்று பேசும்போது அவர்களுக்கிடையே கோடொன்று உளதாகக் கருதி, கமரா அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்றல் வேண்டும். கோட்டைக் கடப்பின், ஒருவரையொருவர் நோக்கவேண்டியவர்கள் திரையில் ஒரே திசையை நோக்குவர். புதியோர் பெரும்பாலும் தவறுமிடம் இதுவே. வகுப்பறை நிலத்திற் சுண்ணக்கட்டியாற் கோடு கீறிக் காட்டினால் ஒரு பாட வேளையிலேயே விளங்கிவிடும்.

குழு வேலையின் பெருங்குறையையும் ஈண்டு மறைத்தலாகாது. பெயர்ப்பட்டியலிற் பன்னிருவர் இருப்பர்; உழைத்தோர் நால்வராயிருப்பர். கமராவைக் கொணர்ந்தவனே நெறியாளனாகிவிடும் வழக்கமும் உண்டு. பொருளுள்ளவன் சொல் அம்பலமேறுவது பிறவிடங்களிற் போதாதா? பள்ளிக்கூடத்திலும் வேண்டுமா? முடிந்த படத்தை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் ஆசிரியர் இவ்வநீதிக்குத் தாமும் உடந்தையாகின்றார். உழைத்தவன் யார் என்பதைத் திரை சொல்லாது. துண்டுப் பட்டியலும் கோட்டுப்படங்களும் நாட்குறிப்பும் சொல்லும். நீக்கப்பட்ட துண்டுகள் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஒவ்வொரு துண்டையும் ஏன் கொண்டனர், ஏன் தள்ளினர் என்பதைக் குழுவிலுள்ள எவரை வினவினும் அவர் விடைகூற வல்லவராயிருத்தல் வேண்டும். புள்ளியிற் பாதியேனும் அவ்விடைக்குரியது. நெறியாளராயிருந்தவர் அடுத்த படத்தில் விளக்குப் பிடித்தலும், விளக்குப் பிடித்தவர் தொகுப்பிலே அமர்தலும் முறையாக்கப்படின் கமராவுக்குரியவனின் ஆதிக்கமும் தானே அடங்கும்.

படம் பிடித்து முடிந்தவுடன் வேலை முடிந்ததென எண்ணுதலுங் கூடாது. முதன்முறை துண்டுகளை இணைத்துப் பார்க்கும்போது, ஏதோ ஒன்று இல்லையென்பது பெரும்பாலும் தெரியவரும். அது பெரியதொரு காட்சியாயிராது. கதவைத் திறக்கும் கையாகவோ, நண்பனைக் கண்டு தாழும் கண்ணாகவோ இருக்கும். அதனை எடுத்தற்கென ஒரு நாளை முன்னரே ஒதுக்கிவைத்தல் வேண்டும். அந்நாள் வரும்வரை நடிகர் முதல்நாள் உடுத்த சட்டையைப் பத்திரப்படுத்துவதோடு தலைமயிர் வெட்டிக்கொள்ளாமலும் இருத்தல் நன்று.