‘லேட்’ என்னும் காலப் பெயரடை: பொருளும் பயன்பாடும்

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் ‘பெரட்டுக்கு லேட்டு’ என்றால் விளக்கம் தேவையில்லை. ‘பெரட்டு’ என்பதும் ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மரூஉவே. தோட்டத் தமிழில் ‘லேட்டு’ நேரந்தாழ்ந்ததை மட்டுமே குறிக்கும். இந்த ஒற்றைப் பொருளோடு ஆங்கில ஆவணங்களை அணுகும்போதுதான் நமக்கு இடர்ப்பாடு தோன்றுகிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதற்பொருள் ‘மெதுவான’ என்பதாகும். மெதுவாக வருவது நேரந்தாழ்ந்து வரும்; அதிலிருந்து ‘தாமதமான’ என்னும் பொருள் கிளைத்தது. ‘லாஸ்ட்’ என்பதும் இதன் உச்சநிலை வடிவமே. ஒரு காலப்பகுதியின் பிற்கூற்றையும் இப்பெயரடை சுட்டும். ஆங்கே தமிழுக்குக் குறையொன்றுமில்லை. பின்னிரவு, பின்பனி போன்ற சொற்களில் ‘பின்’ என்னும் முன்னொட்டே அப்பணியைச் செய்துவிடுகிறது.

மூன்றாம் பொருள் இறப்பைச் சார்ந்தது. அண்மையில் மறைந்தவரின் பெயருக்கு முன் இது வரும். ஷேக்ஸ்பியருக்கு எவரும் இவ்வடையை இடுவதில்லை. மாணவர் கட்டுரைகளில் ‘தாமதமான என் தாத்தா’ என்னும் மொழிபெயர்ப்பை நாம் கண்டிருக்கிறோம். நகைப்புக்கு இடமளிப்பினும், அப்பிழை எளிதில் கண்ணிற்படும். ‘காலஞ்சென்ற’ எனத் திருத்திவிடலாம். மலாய்மொழி இவ்விடத்தில் மேலும் நுட்பமானது. மறைந்த முஸ்லிம்களுக்கு ‘அல்லாயர்ஹாம்’ என்றும் பிறருக்கு ‘மெண்டியாங்’ என்றும் அது பிரித்து வழங்கும். இவ்விரண்டிற்கும் ஆங்கிலத்தில் ‘லேட்’ ஒன்றே.

கண்ணிற்படாத பிழை நான்காம் பொருளில் உள்ளது. ‘அண்மைவரை அப்பதவியில் இருந்த’ என்னும் பொருளிலும் முற்காலத்தில் இச்சொல் பெருவழக்காக இருந்தது. வின்சென்ட் ஸ்மித் 1900இல் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1904இல் வெளிவந்த அவரது இந்திய வரலாற்று நூலின் முகப்பு, அப்பணியோடு ‘லேட்’ சேர்த்தே அவரை அறிமுகம் செய்தது. அவர் மறைந்ததோ 1920இல். நூலாசிரியரை முகப்பிலேயே அமரராக்குவது நம் நோக்கமன்று!

தோட்ட வரலாற்றை ஆராய்வோர்க்கு இஃது அற்பச் செய்தியன்று. குடியேற்ற ஆட்சிக்காலக் கடிதமொன்றில் ஒரு துரையோ கிராணியோ ‘லேட்’ எனக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவர் இறந்திருக்கலாம், ஊர் திரும்பியிருக்கலாம், வேறொரு தோட்டத்திற்கு மாறியும் இருக்கலாம். ‘காலஞ்சென்ற’ என்று பெயர்த்துவிட்டால், பின்னாளைய கூலிப் பதிவேட்டில் தென்படும் அதே பெயரை வேறொருவராக எண்ணி நாம் ஒதுக்கிவிடக்கூடும். ஒருவரது வாழ்க்கை அவ்விடத்தில் இரண்டாக அறுபடும்.

இத்தகைய இடங்களில், பதவியையோ பணியிடத்தையோ ஒட்டி இச்சொல் வந்தால் ‘முன்னாள்’ என்னும் பொருளை முதலில் சோதித்தல் நன்று. ஆட்பெயரை மட்டும் ஒட்டி வந்தால் இறப்புப் பொருளுக்கே வாய்ப்பு மிகுதி. எனினும் இது முடிந்த விதியன்று. கடிதத்தின் நாளையும் அதற்குப் பிந்தைய பதிவுகளையும் ஒப்புநோக்க வேண்டும். ஐயம் தீராதவிடத்து ‘முன்பு பணியாற்றிய’ எனப் பெயர்த்து, மூலச்சொல்லை அடிக்குறிப்பில் தருவதே தக்கது. அத்தொடர் இறந்தவருக்கும் பொருந்தும், இருப்பவருக்கும் பொருந்தும்.