அப்பாவோட சான்ட்ரோவா, பாதி கட்டின வீடா?

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் தயாரிச்ச முதல் கார் சான்ட்ரோ. அப்பாவோட அந்தப் பழைய காரை வீட்டுலயே சரிபண்ண ஆசை. பக்கத்துலயே பாதி கட்டின வீடு. முதல்ல எதுக்குப் பணம்?

பழைய வரி முறையில, நாம குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டியை வருஷத்துக்கு 2 லட்சம் வரை வருமானத்துல கழிச்சுக்கலாம். ஆனா, வீடு முடிஞ்ச பிறகுதான். கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கலன்னா, அந்த 2 லட்சம் வெறும் 30,000 ஆயிடும். கார் செலவுக்கோ, அதுக்கு வாங்குற பர்சனல் லோன் வட்டிக்கோ சம்பளக்காரங்களுக்கு எந்தக் கழிவும் இல்ல.

கார்ல முதல்ல ஆர்.சி. தேதியைப் பாருங்க. 15 வருஷம் தாண்டினா எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்கணும், அதுவும் 5 வருஷத்துக்குத்தான்.

அதனால, போனஸ் வந்தா முதல்ல வீட்டுப் பூச்சு வேலை, அப்புறம் கார் பெயின்ட்!