பஞ்சாலை நகரத்து வாத்தியக் கோஷ்டி

மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்று வழங்கும் பெரிய வாத்தியக் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், வியன்னா, பெர்லின், லண்டன் முதலிய தலைநகரங்களே நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், அத்தகைய கோஷ்டி ஒன்று அரசவையின் ஆதரவின்றி, ஆலைப் புகை சூழ்ந்த ஒரு தொழில் நகரத்தில் வேரூன்றி, அந்நகரத்து ஜனங்களின் வாழ்க்கையோடு எவ்வாறு கலந்துவிட முடியும் என்பதை அறிய விரும்புவோர், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள மான்செஸ்டரின் ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கோஷ்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். முழு அளவிலான ஆர்க்கெஸ்ட்ராவில் 80 பேர் முதல் 100 பேர் வரை இருப்பார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வயலின், வியோலா, செல்லோ, டபிள் பேஸ் என்னும் தந்தி வாத்தியக்காரர்களே. ஓபோவுக்கோ டிரம்பெட்டுக்கோ இருவர் மூவர் போதுமாயிருக்க, வயலினுக்கு மட்டும் முப்பது பேர் எதற்கு என்று கேட்கலாம். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் நாதம் சிறியது; பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தில் அது அமுங்காதிருக்க வேண்டுமானால் பலர் சேர்ந்து ஒரே ஸ்வரத்தை வாசித்தாக வேண்டும். அவ்வாறு வாசிக்கையில், ஆளுக்கு ஆள் நூலிழையளவு வேறுபடும் சுருதிகள் ஒன்றோடொன்று குழைந்து, தனி வயலினுக்கு வாய்க்காத ஒரு மென்மையை உண்டாக்குகின்றன. கச்சேரி தொடங்குமுன் எல்லோருக்கும் சுருதி கொடுப்பது ஓபோ. நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல் இரட்டை நாக்குக் கொண்ட அவ்வாத்தியத்தின் நாதம் கூர்மையானது, நிலையானது. விநாடிக்கு 440 அதிர்வுகள் என்பது இப்போது பெரும்பாலும் அனுசரிக்கப்படும் கணக்கு.

சுருதி சேர்வது சில நிமிஷங்களில் நடந்துவிடும். மனம் சேர்வதற்கோ வருஷங்கள் வேண்டும். முப்பது வில்களும் ஒரே திக்கில், ஒரே அழுத்தத்தில், ஒரே கணத்தில் அசைவதும், குழல்காரர் மூச்செடுக்கும் இடத்தைச் செல்லோக்காரர் பாராமலே உணர்வதும், ஒரே கூட்டத்தார் நெடுங்காலம் சேர்ந்து வாசிப்பதால் மட்டுமே கைகூடும் வித்தைகள். ஆகவே, ஓர் ஊருக்கு நல்ல ஆர்க்கெஸ்ட்ரா வேண்டுமானால், வித்வான்களைச் சமயத்துக்குக் கூட்டிப் பிறகு கலைத்துவிடாமல், ஆண்டுதோறும் அவர்களைப் போஷித்து வருவதற்கு அந்த ஊரே உறுதி கொள்ள வேண்டும்.

இந்த உண்மையை மான்செஸ்டருக்கு உணர்த்தியவர் ஜெர்மனியில் ஹாகன் என்னும் ஊரில் 1819ல் பிறந்த சார்ல்ஸ் ஹாலே. பாரிஸில் பியானோ வித்வானாகப் பெயர் பெற்றிருந்த அவர், 1848ல் அங்கே மூண்ட புரட்சியின் காரணமாக இங்கிலாந்துக்கு வந்து, ஜெர்மானிய வியாபாரிகள் பலர் குடியேறியிருந்த மான்செஸ்டரில் நிலைத்தார். 1857ல் அந்நகரம் மாபெரும் கலைப் பொருட்காட்சி ஒன்றை நடத்தியபோது, அதற்கென ஒரு கோஷ்டியை விரிவாக அமைத்து வாசிப்பித்தவரும் அவரே. காட்சி முடிந்தது, கோஷ்டி கலைய வேண்டிய வேளை வந்தது. அரும்பாடுபட்டுச் சேர்த்ததைச் சிதறவிட மனமில்லாத ஹாலே, அதைத் தம் பொறுப்பில் தொடர்ந்து நடத்தத் துணிந்து, 1858 ஜனவரி 30ஆம் தேதி ஃப்ரீ டிரேட் ஹாலில் முதல் கச்சேரியை நிகழ்த்தினார். 1819ல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட தொழிலாளர் கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்து உயிர்களைக் குடித்த திடல் இருந்த இடத்தில் எழுந்த மண்டபம் அது.

பிரபுக்களின் ஆசனங்களோடு நில்லாமல், ஒரு ஷில்லிங் கொடுத்தவரும் கேட்கும்படி மலிவான இடங்கள் இருக்க வேண்டுமென்பதில் ஹாலே உறுதியாக நின்றார்; அவர் செய்தவற்றுள் தலையாயது இதுவே என்பது என் அபிப்பிராயம். 1895ல் அவர் காலமானபோது, ஊர் வர்த்தகர் மூவர் நஷ்டத்துக்குத் தாங்களே பொறுப்பேற்றுக் கச்சேரிகளை நிற்கவிடாமல் காத்தனர்; 1899ல் அதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்காரின் முதல் ஸிம்ஃபனி 1908 டிசம்பர் 3ஆம் தேதி உலகிலேயே முதன்முறையாக ஒலித்தது இந்த ஆலை நகரத்தில்தான். அன்று கோஷ்டியை நடத்தியவர் ஹான்ஸ் ரிக்டர்.

மெய்யான சோதனை இரண்டாம் உலக யுத்தத்தில் வந்தது. 1940 டிசம்பரில் குண்டு வீச்சால் ஃப்ரீ டிரேட் ஹால் பாழாயிற்று. 1943ல், நியூயார்க் பில்ஹார்மானிக்கை நடத்திவந்த ஜான் பார்பிரோலி, யுத்த அபாயம் நிறைந்த அட்லாண்டிக்கைக் கடந்து ஹாலேயை ஏற்க வந்து பார்த்தால், வித்வான்களில் முப்பத்துச் சொச்சம் பேரே எஞ்சியிருந்தனர். அதுவரை ஹாலேக்கும் பி.பி.சி. வானொலியின் கோஷ்டிக்கும் பொதுவாக வாசித்துவந்த மற்றவர்கள் பி.பி.சி.யின் நிலையான உத்தியோகத்தைத் தேர்ந்துகொண்டுவிட்டார்கள். வாலிபர்களோ போர்முனையில். பார்பிரோலி மனந்தளரவில்லை. பெண்களையும், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளையும், அனுபவம் குறைந்தவர்களையும் தாமே ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தேர்ந்து, அல்லும் பகலும் ஒத்திகை நடத்தி, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஒரு புதிய ஆர்க்கெஸ்ட்ராவைத் தோற்றுவித்தார். 1943 ஜூலை 5ஆம் தேதி பிராட்ஃபோர்டில் அது அரங்கேறியது. சொந்த மண்டபம் இல்லாத அந்த ஆண்டுகளில், மிருகக்காட்சிசாலையை அடுத்திருந்த பெல் வ்யூ சர்க்கஸ் அரங்கிலும் ஹாலே வாசித்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து கேட்டார்கள். ஃப்ரீ டிரேட் ஹால் 1951ல் மறுபடியும் திறக்கப்பட்டது. பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தும், 1970ல் உயிர் நீங்கும்வரை பார்பிரோலி ஹாலேயைக் கைவிடவில்லை.

1996 முதல் பிரிட்ஜ்வாட்டர் ஹால் என்னும் மண்டபமே இக்கோஷ்டியின் இருப்பிடம். வேறு தொழில்களைப் பார்த்துக்கொண்டே ஆசையினால் பாட வரும் ஊர்க்காரர்களைக் கொண்டது ஹாலேயின் பாடகர் குழு. அது கோஷ்டி பிறந்த 1858லேயே பிறந்தது. இளைஞர்களுக்கெனத் தனி ஆர்க்கெஸ்ட்ராவும் தனிப் பாடகர் குழுவும் இருக்கின்றன. ஒரு காலத்தில் பஞ்சாலைகள் நெருங்கிநின்ற ஆன்கோட்ஸ் பகுதியில், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தைப் புதுப்பித்து, ஒத்திகைக் கூடமாக்கியிருக்கிறார்கள்.