விரலிறையும் தன்னிறைமையும்

இறை என்னும் ஒரு சொல்லுக்கு நம் அகரமுதலிகள் தரும் பொருள்கள் பல. அவற்றுள் மூன்றை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆள்பவன் இறை, ஆள்பவனுக்குக் குடிகள் செலுத்தும் வரியும் இறை, விரலின் உட்புறத்தே ஓடும் வரையும் இறை, அதனை விரலிறை என்பர். ஆள்பவன் தன் குடியின் விரலிறையையே தனக்குரிய இறையாகக் கேட்கும் காலம் வரும் என்று இச்சொல்லை வழங்கிய முன்னோர் எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும், காவல்நிலையத்தில் மை பூசிய தகட்டின்மேல் ஒருவரின் விரலைப் பற்றி உருட்டும்போது நிகழ்வது என்ன என்று விளக்க, நாம் பிறமொழியின் வாயிலில் நிற்கவேண்டியதில்லை.

ஒரு நாட்டின் மேலான ஆளுரிமையை ஈழத்து எழுத்தாளர்கள் இறைமை என்று வழங்குவர். அதனைத் தனியொருவருக்கு உரியதாக்கித் தன்னிறைமை என்கிறேன். தன்னிறைமையாவது, தம் உடலையும் உள்ளத்தையும் தம் இசைவின்றிப் பிறர் கையாளாதவாறு காத்துக்கொள்ள ஒருவர்க்குள்ள உரிமை. மும்பையின் தாராவியிலோ மாட்டுங்காவிலோ இச்சொல்லைச் சொன்னால், முதியவர் சிலர்க்கு 1988இல் மறைந்த நிழலுலகத் தலைவர் வரதராச முதலியாரின் நினைவு வரக்கூடும். காவலர் இருக்கவும் அவரிடம் வழக்குத் தீர்க்கப் போனவர்கள் உண்டு. அது வேறு. அது ஒருவர் பிறர்மேல் செலுத்திய ஆட்சி. இங்கே பேசப்படுவது ஒருவர் தம்மேல் தாம் செலுத்தும் ஆட்சி. அதற்கு அடியாளும் வேண்டா, ஆயுதமும் வேண்டா.

குற்றத்தைத் துலக்குவதற்காக ஒருவரிடமிருந்து காவல்துறை பெறக்கூடியவை இருவகைப்படும். அவர் விரும்பினும் வெறுப்பினும் மாறாமல் உடலில் நிற்பது உருக்குறி. விரல்வரை, அடிச்சுவடு, கருவிழி, குருதியின் வகை ஆகியன இதன்பாற்படும். அவர் அறிந்திருப்பது, அவர் வெளிப்படுத்தினாலன்றி வெளிவராதது, உளச்செய்தி. குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சான்றாளராகும்படி வற்புறுத்தலாகாது என்பது நம் அரசமைப்பின் 20ஆம் உறுப்பு 3ஆம் கூறு. எனவே, விரலைக் கொடுப்பது சான்று சொல்வதாகுமா என்னும் வினா எழுகிறது. விடை காணுமுன் விரலையே சற்று உற்று நோக்குவோம்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் மயிர் முளையாத தடித்த தோலால் ஆனவை. அத்தோலின்மேல் வயலைப்போல வரப்பும் சாலும் மாறிமாறி ஓடுகின்றன. வரப்பின் முகட்டில் நுண்துளைகள் வரிசையாய் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வியர்வைச் சுரப்பியின் வாய். வரப்புகள் ஒருபுறமிருந்து எழுந்து வளைந்து மறுபுறம் இறங்கினால் வில்வரை. புறப்பட்ட பக்கத்திற்கே திரும்பினால் கண்ணிவரை. தம்மைச் சுற்றித் தாமே சூழ்ந்தால் சுழிவரை. 1892இல் பிரான்சிசு கால்டன் நிறுவிய இம்மூவகையே இன்றும் அடிப்படை. மாந்தர் விரல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 65 கண்ணி, 30 சுழி, எஞ்சியது வில். ஆயினும் ஆளை ஆளினின்று பிரித்துக் காட்டுவது இப்பெரும்பிரிவு அன்று. ஒரு வரப்பு திடுமென முடியும் இடமும், ஒன்று இரண்டாய்க் கவைக்கும் இடமும் ஆகிய நுண்குறிகளே ஒருவரை அவராக்குகின்றன.

இவ்வரப்புகள் பிறக்குமுன்பே எழுதப்பட்டவை. கருவின் 10ஆம் கிழமை அளவில் தோன்றத் தொடங்கி, 17ஆம் கிழமை அளவில் அவற்றின் கோலம் நிலைபெறுகிறது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு இக்கோலத்தின் இயற்றுமுறையைக் காட்டியது. தோலணுக்களில் வளர்ச்சியைத் தூண்டும் மூலக்கூறும் தடுக்கும் மூலக்கூறும் ஒன்றையொன்று துரத்துவதால், ஓரிடத்தில் மேடும் அடுத்த இடத்தில் பள்ளமுமாய் வரிகள் பிறக்கின்றன. வரிக்குதிரையின் வரியையும் சிறுத்தையின் புள்ளியையும் விளக்கவல்ல இந்நெறியை, 1952இலேயே கணக்கின் வழி உய்த்துரைத்தவர் ஆலன் தூரிங். விரலில் அவ்வலைகள் மூன்றிடத்தினின்று புறப்படுகின்றன: நகத்தை ஒட்டிய நுனி, விரல்திண்டின் நடு, கணுவின் மடிப்பு. மூன்றும் பரந்து வந்து எங்கே எவ்வாறு முட்டிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே வில்லும் கண்ணியும் சுழியும் அமைகின்றன. ஒரே மரபணு உடைய இரட்டையர்க்கும் அந்த முட்டல் ஒரே வகையில் நேர்வதில்லை. ஆதலின் அவர்தம் நுண்குறிகளும் வேறு. கணுமடிப்பினின்று ஓர் அலை புறப்படுகிறது என்று படித்தபோது, அம்மடிப்பை விரலிறை என்றழைத்த மொழி என்னுடையது என்னும் மகிழ்ச்சி எனக்கு எழுந்ததை மறைக்கமாட்டேன்.

இந்த வரையை ஆட்சியின் கருவியாக்கும் வேலை நம் நாட்டிலேயே தொடங்கியது. 1858இல் வங்கத்தில் வில்லியம் எர்செல் என்னும் ஆங்கில அலுவலர், சாலைக்குக் கல் வழங்க ஒப்பியவர் பின்னர் சொல் மாறாதிருக்கும் பொருட்டு, ஒப்பந்தத் தாளின்மேல் அவர் கையை மையில் தோய்த்துப் பதித்து வாங்கினார். 1897இல் கொல்கத்தாவில் விரல்வரைச் செயலகம் அமைந்தது. பல்லாயிரம் தாள்களை விரைந்து தேடி எடுக்குமாறு அவற்றை எண்முறையில் வகுத்த கணக்கை ஆக்கியவர்கள் அங்கே பணியாற்றிய அசீசுல் அக், ஏமச்சந்திர போசு என்னும் இருவர். பெயரோ மேலாளர் எட்வர்டு என்றிக்குப் போயிற்று. உழைப்பவர் ஒருவர், உரிமை கொள்பவர் ஒருவர் என்னும் பழங்கதைக்கு அறிவியலும் விலக்கன்று.

இனி வழக்குக்கு வருவோம். பம்பாய் மாநிலத்தில் ஒருவர்மேல் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு, ஒரு கையெழுத்துச் சீட்டு அவருடையதுதானா என்று ஒப்பிட அவரிடம் காவலர் கையெழுத்து மாதிரி வாங்கினர். பம்பாய் அரசுக்கும் காத்தி காலு ஓகட் என்பவர்க்கும் இடையிலான அவ்வழக்கில் உச்சநீதிமன்றத்தின் பதினொரு நடுவர் அமர்ந்து 1961 ஆகத்து 4ஆம் நாள் தீர்ப்புரைத்தனர். அதற்குள் பம்பாய் மாநிலமே மராட்டியம், குசராத்து என இரண்டாய்ப் பிரிந்து ஓராண்டு கடந்திருந்தது. இல்லாத அரசின் பெயரால் இன்றும் அத்தீர்ப்பு வழங்கப்படுகிறது. பெரும்பான்மையோர் கண்ட நெறி இது: சான்று என்பது ஒருவர் தாம் அறிந்ததைச் சொல்லாலோ எழுத்தாலோ பிறர்க்கு அறிவிப்பது; விரல்வரையும் கையெழுத்தின் இயல்பும் அவர் அறிவைச் சொல்வன அல்ல, ஒப்பிடுவதற்கு மட்டுமே உதவுவன; மாற்ற முயன்றாலும் அவற்றின் உள்ளியல்பு மாறாது. ஆகவே அவற்றை வற்புறுத்திப் பெறினும் 20(3) மீறப்படவில்லை. உருக்குறிக்கும் உளச்செய்திக்கும் இடையே கோடு இவ்வாறு கிழிக்கப்பட்டது.

உள்ளியல்பு மாறாது என்பதைத் தாராவியில் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். கோளியர் மீன்பிடித்து வாழ்ந்த அச்சேற்று நிலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெல்லைச் சீமையினர் வந்து தோல் பதனிடும் தொட்டிகளை நிறுவினர். பதனிடுதலின் தொடக்கப்பணிகளுள் ஒன்று மயிர் களைதல். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் தோலை ஊறவைத்தால் மயிர் கூழாய்க் கரைகிறது. மயிர் கெரட்டின் என்னும் கொம்புப்பொருளால் ஆனது. அத்தொட்டியில் கைவிட்டுத் தோலைப் புரட்டுபவரின் விரல்நுனியை மூடியிருப்பதும் கெரட்டின்தான். வேதிப்பொருளுக்கு ஆட்டின் மயிர் எது, ஆளின் விரல் எது என்னும் வேறுபாடு தெரியாது.

அண்மையில் தாராவியில் ஒரு பங்கீட்டுக் கடையின் வரிசையில் அத்தொழில் செய்த பெரியவர் ஒருவரைக் கண்டேன். 1971இல் இறைச்சிக்கூடம் பாந்திராவினின்று செம்பூரை அடுத்த தேவநாருக்குப் பெயர்ந்தபின், அவரும் அப்பக்கம் வேலைக்குப் போய்வந்தவராம். சிறுபெட்டி போன்ற பொறியின் ஒளிரும் கண்ணாடியில் பெருவிரலை வைத்தார், சிவப்பு. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார், சிவப்பு. தலைமயிரின் எண்ணெயில் விரலை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். வறண்ட விரலுக்கு ஈரப்பசை வேண்டும் என்பதைப் பட்டறிவால் கற்றிருந்தார் போலும். கடையில் நின்ற தமிழ்ப்பையன், “பெரியப்பா, அடுத்த வெரல வைங்க” என்றான். அவர் சிரித்தார். “எந்த வெரல வச்சாலும் சுண்ணாம்புல ஊறுன வெரல்தாம்லே.”

அறிவியல் இங்கே அவரை முழுதும் ஒப்பாது. வரப்பின் அச்சு மேல்தோலில் இல்லை. அடியில், உயிரணுக்கள் பிறக்கும் அடுக்கிற்கும் கீழ்த்தோலுக்கும் இடையே உள்ளது. மேலே தேய்ந்தது மீண்டும் அதே கோலத்தில் வளரும். 1934இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கக் கொள்ளையன் தில்லிஞ்சர் தன் விரல்களை அமிலத்தால் கெடுத்துக்கொண்டிருந்தும், எஞ்சிய வரைகளே அவனைக் காட்டிக்கொடுத்தன. எனினும், ஆழ்ந்த தழும்பு அச்சையே அழிக்கும். முதுமையோ வரப்பைத் தாழ்த்தித் தோலின் நெகிழ்வைக் குறைக்கும். தில்லிஞ்சரால் ஒழிக்க முடியாததைப் பெரியவரின் ஐம்பதாண்டு உழைப்பும் அகவையும் சேர்ந்து, பொறியின் கண்ணுக்கேனும், ஒழித்துவிட்டிருந்தன.

இனி அதே விரல்நுனியின் மற்றொரு வேலையைப் பார்ப்போம். வரப்பின்மேல் உள்ள வியர்வைத் துளைகள் வெயிலைவிட உள்ளத்தின் கலக்கத்திற்கே மிகுதியாய்த் திறக்கின்றன. அச்சம் எழுந்ததும் பரிவு நரம்பு ஏவ, சுரப்பி கசிய, தோலின் மின்கடத்துந்திறன் நொடிகளில் ஏறுகிறது. 1921இல் பெர்க்கிலி நகரக் காவல்துறையில் சான் லார்சன் அமைத்த பல்வரைபொறி குருதியழுத்தத்தையும் மூச்சையும் வரைந்தது. பின்வந்த பொறிகள் விரலில் தகடு கட்டி இக்கசிவையும் சேர்த்து வரைந்தன. பொய்காட்டும் பொறி என்று மக்கள் இதனை அழைப்பது பிழை. பொய்க்கென்று தனி வியர்வை இல்லை. உண்மை சொல்லியும் நம்பப்படமாட்டோமே என்று நடுங்குபவரும் வியர்ப்பார். பழகிய பொய்யர் வியர்க்காமலும் இருப்பார். சோடியம் பென்டதாலைச் செலுத்தி அரைமயக்கத்தில் கேள்வி கேட்கும் முறையும் அத்தகையதே: தடுக்கும் காவல் தளர்கிறது, நாக்கு அவிழ்கிறது; அவிழ்ந்த நாக்கு கண்டதையும் கற்பனையையும் கேட்பவர் ஊட்டியதையும் ஒருங்கே பேசுகிறது. பழகிய பொருளைக் கண்டதும் ஏறத்தாழ 300 மில்லிநொடியில் எழும் மூளையலையைப் பதிவது மூன்றாம் முறை.

மயக்கநிலை உசாவலை 2004இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஏற்றது. 2010 மே 5ஆம் நாள் செல்வி என்பவரின் வழக்கில், தலைமை நடுவர் பாலகிருட்டிணன் உள்ளிட்ட மூவர், இம்மூன்று ஆய்வுகளையும் ஒருவரின் இசைவின்றிச் செய்யலாகாது என்று உச்சநீதிமன்றத்தில் தீர்த்தனர். வியர்வை உடலில் தோன்றினும் அதைக்கொண்டு படிக்கப்படுவது உள்ளம். ஆகவே அது சான்று சொல்லவைப்பதே என்பது அதன் சாரம். இரு தீர்ப்புகளையும் விரல்நுனியின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். வரப்பைக் காவலர் கொள்ளலாம். அவ்வரப்பின் முகட்டிலுள்ள துளை வழியே கசியும் கலக்கத்தை இசைவின்றிப் படிக்கலாகாது. தன்னிறைமையின் எல்லை தோலில் இல்லை. வரப்புக்கும் துளைக்கும் இடையே, மில்லிமீட்டரினும் குறுகிய தொலைவில் அது ஓடுகிறது. இவ்வளவு நுண்ணிய எல்லையைச் சட்டம் கண்டறிந்தது எனக்கு வியப்பைத் தருகிறது. அதைக் காவல்நிலைய விளக்கொளியில் காணும் கண்ணும் வேண்டும் என்பது மற்றொரு பொருள்.

உருக்குறியின் பக்கமோ நாளும் அகல்கிறது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் விரல்வரை, அடிச்சுவடு, ஒளிப்படம் ஆகியவற்றோடு நின்றது. அதனிடத்தில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் கருவிழி, விழித்திரை, குருதி முதலிய உயிரியல் மாதிரிகள், கையெழுத்து எனப் பலவற்றைச் சேர்த்து, பதிவுகளை 75 ஆண்டு காத்துவைக்க வழிசெய்தது. முன்னர்த் தண்டனை பெறாதவர் வழக்கினின்று விடுபட்டால் அவர்தம் பதிவுகள் அழிக்கப்படவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது; அழிக்கப்பட்டதா என்று ஒரு கூலித்தொழிலாளி எங்குப் போய்க் கேட்பார் என்பதைத்தான் சொல்லவில்லை. 2019இல் குரல் மாதிரியையும் குற்றவியல் நடுவர் ஆணையிட்டுப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. கைப்பேசியோ கோட்டின்மேலேயே நிற்கிறது. விரலால் திறப்பது உருக்குறி. மறைச்சொல்லால் திறப்பது நெஞ்சில் உள்ள செய்தி. மறைச்சொல்லைக் கேட்பது தனக்கெதிரான சான்று ஆகாது என்றது 2021இல் கருநாடக உயர்நீதிமன்றம். ஆகும் என்றது 2022இல் தில்லியில் ஒரு தனி வழக்குமன்றம்.

பெரியவரின் பத்து விரலும் அன்று தோற்றன. குடும்ப அட்டையில் பெயருள்ள வேறெவரையேனும் வரச்சொல்லுங்கள் என்றான் பையன். பேரனை அழைக்க அவர் சட்டைப்பையினின்று கைப்பேசியை எடுத்தார். அதுவும் அவர் விரலை அறியாது. ஆகையால் பேரன் எண்பூட்டு வைத்துக் கொடுத்திருந்தான். வரிசையில் பின்னால் நின்ற எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடக்கையால் திரையை மூடிக்கொண்டு, நான்கு எண்களை ஒவ்வொன்றாய் அழுத்தினார்.