மறைக்கப்படும் செய்தியும் மறுக்கப்படும் உரிமையும்: சாரா ஜே. மாஸின் புதின வரிசையில் அதிகாரம், மனவடு, மீறல்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' புதின வரிசை, இருண்மை மிகுபுனைவுக் காதல் புதினங்களுள் பரவலாக வாசிக்கப்படும் ஒன்றாகும். இவ்வரிசையின் கதைமாந்தரிடையே அதிகாரம் உடல்வலிமையையும் மாயவலிமையையும் விடச் செய்தியை மறைக்கும் செயலின் வழியாகவே மிகுதியும் இயங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தலைவியின் முதற் காதலனைக் குற்றவாளியாக்கப் புதினம் பயன்படுத்தும் அளவுகோல், அவளுடைய இரண்டாம் காதலனுக்கும் பின்னர் அவளுக்குமே எவ்வாறு பொருந்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மிகுபுனைவு, காதல் புதினம், மனவடு, அதிகாரம், மீறல், கூற்று, எழுத்தறிவு.

முன்னுரை

சாரா ஜே. மாஸின் வரிசையில் முதற் புதினம் 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃபியூரி' (2016), 'எ கோர்ட் ஆஃப் விங்ஸ் அண்ட் ருயின்' (2017) ஆகியன அதனைத் தொடர்ந்தன. 2018இல் ஒரு குறும்புதினமும், 2021இல் 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' என்னும் பெரும்புதினமும் வந்தன. தொடக்கத்தில் இளையோர் புதினமாக விற்கப்பட்ட இவ்வரிசை பின்னர் வயதுவந்தோர்க்குரியதாக மறுபதிப்புப் பெற்றது. பாலுறவும் வன்முறையும் வெளிப்படையாக இடம்பெறும் இப்படைப்புகளுக்கு அதுவே பொருத்தமான இடமாகும்.

கதையின் வேர்கள் பழையவை. பிரெஞ்சு மொழியில் வில்நெவ் 1740இலும் பொமோன் 1756இலும் எழுதிய 'அழகியும் விலங்கும்' கதை முதற் புதினத்திற்கு அடித்தளமாகிறது. டாம்லின் என்னும் பெயர், தேவதை அரசியிடம் சிறைப்பட்டவனை மானுடப் பெண்ணொருத்தி மீட்கும் ஸ்காட்லாந்து நாட்டார் கதைப்பாடலை நினைவூட்டுகிறது. இரண்டாம் புதினத்தில், ஆண்டின் ஒரு பகுதியைப் பாதாளத்தில் கழிக்கும் கிரேக்கப் பெர்செஃபோனியின் சாயல் தெரிகிறது. இம்மூலக் கதைகள் பெண்ணை ஓர் ஆணின் இல்லத்திற்குக் கொண்டு சேர்த்து, அங்கே அவள் எதனை அறியலாம், எதனை அறியலாகாது என்ற கேள்வியை எழுப்புபவை. மாஸ் எடுத்துக்கொண்டதும் அக்கேள்வியையே எனலாம்.

எழுத்தறியாத் தலைவி

தலைவி ஃபெய்ரா வறுமையுற்ற வணிகனின் இளைய மகள்; பத்தொன்பது வயதினள்; வேட்டையாடித் தந்தைக்கும் தமக்கையர் இருவருக்கும் உணவளிப்பவள். காட்டில் அவள் கொன்ற ஓநாய், உருமாறிய ஃபே இனத்தவன் எனத் தெரியவருகிறது. உயிருக்கு ஈடாக அவளை அழைத்துச் செல்கிறான் வசந்த அரசவையின் தலைவன் டாம்லின். அவ்வுயிரீட்டு விதியைப் பற்றி அவளிடம் சொல்லப்பட்டது முழு உண்மையன்று. டாம்லின் நாட்டின்மீது அமரந்தா என்னும் கொடிய அரசி இட்ட சாபமொன்று உள்ளது; ஃபேக்களை வெறுத்து அவர்களுள் ஒருவனைக் கொன்ற மானுடப் பெண்ணின் காதலே அதனை நீக்கும். சாபத்தைப் பற்றிப் பேசவியலாதவாறு டாம்லின் கட்டுண்டவன். ஆகவே அவன் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இக்காரணம் நோக்கத்தக்கது, ஏனெனில் இவ்வரிசையில் மறைப்பவர் எவர்க்கும் காரணம் இல்லாமலிருப்பதில்லை.

ஃபெய்ராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதல் புதினத் தலைவிக்கு இது அரிய குறைபாடு. அவள் தன் குடும்பத்திற்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத முயன்று தோற்கிறாள். அமரந்தா வைக்கும் மூன்று சோதனைகளுள் இரண்டாவது, சுவரில் பொறித்த புதிரைப் படித்து உரிய நெம்புகோலை இழுப்பதாகும். கூர்முனைகள் பதித்த மேற்கூரை இறங்கி வருகையில் அவளைக் கொல்லவிருப்பது அமரந்தாவின் மாயவலிமையன்று, எழுத்தறியாமையே. வாளாலும் மாயத்தாலும் நிரம்பிய கதையில் ஆசிரியர் உயிராபத்தை எழுத்தில் வைத்திருப்பது, அதிகாரம் குறித்த இப்புதினத்தின் கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

மூன்றாம் சோதனையில் குற்றமற்ற ஃபேக்கள் இருவரை அவள் தன் கையால் கொல்ல நேர்கிறது. பின்னர் அமரந்தாவால் கொல்லப்பட்டு, ஏழு அரசவைத் தலைவர்களும் அளித்த ஆற்றலால் ஃபே உடலில் உயிர்த்தெழுகிறாள். பழைய கதையாயின் இங்கே முடிந்திருக்கும்.

உடலில் எழுதப்படும் மனவடு

இரண்டாம் புதினம் வெற்றிக்குப் பின்னர்த் தொடங்குகிறது. திருமண ஏற்பாடுகள் நடக்கின்றன; மணமகள் இரவுதோறும் கெட்ட கனவால் விழித்து வாந்தியெடுக்கிறாள். உடல் மெலிகிறது. ஓவியம் வரைபவள் தூரிகையைத் தொடுவதில்லை. குருதியை நினைவூட்டுவதால் சிவப்பு நிறத்தை அவளால் காணவியலவில்லை. மணநாளன்று வழியெங்கும் தூவப்பட்ட சிவப்பு ரோசா இதழ்களைக் கண்டு கால் எடுத்துவைக்க முடியாமல் நிற்கிறாள். முதற் புதினத்தின் தலைப்பிலேயே இடம்பெற்ற காதற்குறி இங்கே கொலைக்குறியாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை ஆசிரியர் விளக்கவுரை ஏதுமின்றி உடற்குறிகளாலேயே உணர்த்தியிருப்பது இப்புதினத்தின் சிறந்த பகுதியாகும்.

டாம்லினும் காயமுற்றவனே. இரவில் அவனும் விழிக்கிறான். விலங்குருக் கொண்டு காவலிருக்கிறான். இருவரும் அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. அவளை மீண்டும் இழப்போமோ என்னும் அச்சம் அவனிடம் கட்டுப்பாடாக உருக்கொள்கிறது. அரசியற் செய்திகளைப் பகிர மறுக்கிறான். அவள் பெற்ற ஆற்றலைப் பயிலத் தடைவிதிக்கிறான். சினத்தால் அறையைச் சிதறடிக்கிறான். இறுதியில் மாளிகையைச் சுற்றி மாயத்தடை எழுப்பி அவளை உள்ளே அடைத்துச் செல்கிறான். சிறையில் கிடந்து வந்தவளுக்கு அது மீண்டும் சிறையாகிறது.

ஜூடித் ஹெர்மன் தம் 'டிராமா அண்ட் ரெகவரி' (1992) நூலில் மனவடுவிலிருந்து மீள்வதற்குப் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயருறல், பிறரோடு மீள இணைதல் என மூன்று நிலைகளை வகுக்கிறார். பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கும் உதவி, எவ்வளவு நன்னோக்கம் உடையதாயினும், மீட்சியைத் தராது என்பது அவரது அடிப்படைக் கருத்து. டாம்லின் தருவது பாதுகாப்பின் புறத்தோற்றம் மட்டுமே. வாசகர் இவனைக் கொடியவன் என்று மட்டும் கொள்வது எளிது. புதினமோ அவனது அன்பையும் கொடுமையையும் ஒரே மூலத்திலிருந்து காட்டுகிறது.

ரீசாண்டும் மறுவாசிப்பின் சிக்கலும்

இரவு அரசவைத் தலைவன் ரீசாண்ட் முதற் புதினத்தில் வெறுக்கத்தக்கவன். காயமுற்ற ஃபெய்ராவின் உடைந்த கையெலும்பை முறுக்கி, மாதம் ஒரு வாரம் தன்னிடம் தங்க வேண்டும் என்னும் உடன்படிக்கைக்கு அவளை இணங்கச் செய்கிறான். அவளுக்கு மயக்கும் மதுவூட்டி, உடலில் வண்ணம் பூசி, அவையோர் முன்னிலையில் இரவுதோறும் ஆடவைக்கிறான். இரண்டாம் புதினம் இதனைத் திருப்பிப் படிக்கச் சொல்கிறது. தன் மக்களைக் காப்பதற்காக ஐம்பதாண்டுக்கு ஓராண்டு குறைவாக அமரந்தாவின் பாலியல் அடிமையாக இருந்தவன் அவன். அவள் ஐயுறாதிருக்கவும் ஃபெய்ராவின் மனம் உடையாதிருக்கவும் அவ்வாறு நடித்தான் என்பது விளக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளான ஆணை, அவனது வலிமை குன்றாமல், இரக்கத்தை இரவாமல் படைத்திருப்பது காதல் புதின மரபில் அரிது.

எனினும் இவ்விளக்கத்தைக் கவனமாகவே ஏற்க வேண்டும். ஜேனிஸ் ராட்வே 'ரீடிங் தி ரொமான்ஸ்' (1984) நூலில், நாயகனின் தொடக்கக் கொடுமையைப் பின்னர் மறைந்த அன்பின் வெளிப்பாடாக மறுபொருள் கொள்வது காதல் புதினத்தின் அடிப்படை இயக்கம் என்று காட்டினார். மாஸ் அவ்வியக்கத்தை ஒரு புதினம் முழுவதற்குமாக விரித்திருக்கிறார். காரணம் தெரியவந்தமையால் செயல் நிகழாததாகிவிடாது. மது மயக்கத்தில் தன் உடலுக்கு நேர்ந்ததை மறுநாள் வண்ணத்தின் கலைவைக் கொண்டு ஊகித்தறிய வேண்டிய நிலையில் இருந்தவள் ஃபெய்ரா. அந்நிலையின் இழிவைப் பிற்பகுதிகள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

ரீசாண்டை டாம்லினிடமிருந்து வேறுபடுத்துவது அவன் தரும் கல்வியாகும். உடன்படிக்கை வாரங்களில் அவளுக்கு எழுத்தறிவிக்கிறான். மனத்தைப் பிறர் ஊடுருவாமல் காக்கும் முறையைப் பயிற்றுகிறான். தெரிவு உன்னுடையது என்று மீண்டும் மீண்டும் சொல்கிறான். ஃபெய்ராவின் முதற் பெரும் மீறல் வாளால் நிகழ்வதன்று. தன் விருப்பத்தினாலேயே வெளியேறியதாக டாம்லினுக்கு அவள் கடிதம் எழுதுகிறாள். முதற் புதினத்தில் எழுத இயலாமற்போன கடிதம் இங்கே எழுதப்படுகிறது.

ஆயினும் ரீசாண்டும் மறைக்கிறான். இருவரும் விதியால் பிணைந்த உயிர்த்துணை என்பதை முன்னரே அறிந்திருந்தும் சொல்லவில்லை. சூரியல் என்னும் உயிரினத்திடமிருந்து ஃபெய்ரா அதனை அறிந்து, சினந்து மலைக்குடிலுக்குச் செல்கிறாள். அங்கே அவள் நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் வரைகிறாள், சுவர்களையெல்லாம் ஓவியமாக்குகிறாள். அவன் வந்து உண்மை முழுவதையும் சொன்ன பின்னரே பிணைப்பை ஏற்கிறாள். மறைத்தவன் விடையிறுக்க, அறிந்தவள் முடிவெடுக்கிறாள். வரிசை தனக்கென அமைத்துக்கொண்ட அறம் இக்காட்சியில்தான் முழுமையாக வெளிப்படுகிறது.

மீறல் அதிகாரமாகும்போது

மூன்றாம் புதினத்தில் ஃபெய்ரா ஒற்றராக வசந்த அரசவைக்குத் திரும்பி, அதனை உள்ளிருந்தே குலைக்கிறாள். அவளது சூழ்ச்சியின் விளைவாகக் காவலன் ஒருவன் கசையடி பெறுகிறான். டாம்லின்மீது குடிகள் கொண்ட நம்பிக்கை சரிகிறது. அவளது பழிவாங்கலுக்கு அவ்வரசவையின் எளியோரும் விலை கொடுக்கின்றனர். இப்போது செய்தியை மறைத்துப் பிறரை நகர்த்துபவள் அவளே. புதினம் இதனை விரைந்து கடந்துவிடுகிறது.

கூற்று மாறும் இடம்

'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' புதினத்தில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. தமக்கை நெஸ்டா வலிந்து ஃபே ஆக்கப்பட்டவள். தந்தை கொல்லப்பட்டதைக் கண்டவள். மதுவிலும் தனிமையிலும் தன்னை அழித்துக்கொண்டிருப்பவள். ஃபெய்ராவும் ரீசாண்டும் அவளுக்கு இருவழிகளை வைக்கின்றனர்: மலையுச்சி மாளிகையில் தங்கிப் பயிற்சியும் நூலகப் பணியும் மேற்கொள்ளல் அல்லது மானுட நாட்டிற்குத் திரும்பல். மாளிகையிலிருந்து பறக்க இயலாதவர் வெளியேற 10,000 படிகள் இறங்க வேண்டும். மாயத்தடைக்கும் இப்படிகளுக்கும் வேறுபாடு உண்டு. நெஸ்டா தன் கால்வலிமையால் இவற்றை வெல்லலாம், படிப்படியாக வெல்லவும் செய்கிறாள். வன்கொடுமையிலிருந்து தப்பிய பெண்கள் பணியாற்றும் அந்நூலகத்தில் அவள் பெறும் தோழமை, ஹெர்மன் கூறும் மூன்றாம் நிலைக்கு ஒத்தது. இருந்தும், அடைபட்டு நொந்தவளே தன் தமக்கையை அன்பின் பெயரால் அடைக்கிறாள் என்பது மறுக்கவியலாதது.

இதே புதினத்தில் ஃபெய்ரா கருவுற்றிருக்கிறாள். குழந்தைக்கு இறகுகள் உள்ளன. அவளது இடுப்பெலும்பின் அமைப்பு அப்பேற்றிற்கு இடந்தராது. தாயும் சேயும் இறக்கக்கூடும். ரீசாண்ட் இதனை அறிவான், அவையினரும் அறிவர், ஃபெய்ராவுக்கு மட்டும் சொல்லக் கூடாது என அவன் கட்டளையிடுகிறான். அவளுக்கு அச்சம் நேராமல் காப்பதே அவன் கூறும் காரணம். டாம்லின் கூறியதும் இதுவன்றோ! நெஸ்டா அறியாது ஆக்கிய மாய வாள்களைப் பற்றிய செய்தியையும் அவளிடமிருந்து மறைத்து, சொல்லலாமா எனத் தமக்குள் வாக்கெடுப்பும் நடத்தியிருந்தனர். அதனை அறிந்த சினத்தில் நெஸ்டா தங்கையிடம் உண்மையை உடைத்துச் சொல்கிறாள். தண்டனையாக மலைகளினூடே நெடும்பயணத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். உண்மையைச் சொன்னவளுக்குத் தண்டனையும், மறைத்தவனுக்கு மன்னிப்பும் கிடைக்கின்றன. நெஸ்டா அதனைப் புண்படுத்தும் நோக்கில் சொன்னாள் என்பது உண்மையே. அச்செய்தி ஃபெய்ராவுக்கு உரியது என்பதும் உண்மையே.

இவ்விடத்தில் கூற்று முறை கவனத்திற்குரியது. யார் கூற்று, கேட்போர் யார், களன் எது என்று வினவிப் பொருள்கொள்வது தொல்காப்பியச் செய்யுளியல் வழி வந்த வாசகர்க்குப் பழகிய முறை. முதல் மூன்று புதினங்களின் பெரும்பகுதி ஃபெய்ராவின் தன்மைக்கூற்றாக அமைந்தது. அவள் அறியாதவற்றை வாசகரும் அறியவில்லை. அவள் ஏமாற்றப்படுகையில் வாசகரும் ஏமாந்தனர். 'சில்வர் ஃப்ளேம்ஸ்' நெஸ்டா, கேசியன் இருவரின் நோக்கில் படர்க்கையாகச் சொல்லப்படுகிறது. ஆதலால் ஃபெய்ராவின் உடலைப் பற்றி அவளுக்கு முன்னரே வாசகர் அறிந்துகொள்கின்றனர். மறைப்பவர்களின் பக்கத்தில் அமர்த்தப்படுகின்றனர். அவளது சினமும் பிறர் நோக்கின் வழியே சுருக்கமாகவே வந்து சேர்கிறது. டாம்லினின் மாளிகையில் அவள் மூச்சுத்திணறியதை உள்ளிருந்து உணர்ந்த வாசகர், ரீசாண்டின் மறைப்பை வெளியிலிருந்து மட்டுமே காண்கின்றனர். இரு செயல்களும் வாசகர் மனத்தில் வெவ்வேறு எடை பெறுவதற்குச் செயல்களின் இயல்பைவிட இக்கூற்று மாற்றமே காரணம் எனக் கருத இடமுண்டு.

பேற்றுக் காட்சியில் தாயும் சேயும், ஒன்றாகவே இறப்பது என முன்பு செய்துகொண்ட உடன்படிக்கையால் ரீசாண்டும், இறப்பின் விளிம்பிற்குச் செல்கின்றனர். நெஸ்டா தன் ஆற்றலின் பெரும்பகுதியைத் துறந்து மூவரையும் மீட்கிறாள். அவ்வறையில் ஃபெய்ராவுக்கு நேர்வன யாவும் தமக்கையின் கண்களால் சொல்லப்படுகின்றன; சிரமப்பட்டு எழுத்தறிந்து, தன் வெளியேற்றத்தைத் தானே எழுதியவளின் கூற்றாக அங்கே ஒரு வரியும் இல்லை.