தறி வீட்டுப் பூனையும் புது நாய்க்குட்டியும்

இருவர் ஓயாமல் சண்டையிட்டால் "நாயும் பூனையும் போல" என்று சொல்லிவிடுகிறோம். கேட்டுக் கேட்டு, அவை இரண்டும் பிறவிப் பகைவர் என்றே பலரும் நம்பிவிட்டனர். உண்மை அவ்வளவு கடுமையானதன்று. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாததே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். புரிய வைப்பது நம் கையில் இருக்கிறது. எப்படி என்பதையே இங்குக் கூற வந்தோம்.

மழைக்காலம் முடிந்து மார்கழி, தை பிறக்கும்போது நம் ஊர்த் தெருக்களில் நாய்கள் குட்டி போட்டிருக்கும். பள்ளி விட்டு வரும் தம்பிமார் சட்டைக்குள் ஒரு குட்டியை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதும், "இது எங்கே போகும் பாவம்!" என்று பாட்டி முதலில் இளகுவதும் நாம் அறியாதவை அல்ல. ஆனால் எங்களில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். அங்கே நாய்க்குட்டிக்கு முன்பே குடியிருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பூனையார்.

தறி வீட்டில் பூனை அழகுக்காக வளர்வதில்லை. பாவுக்குப் போடும் கஞ்சியின் மணத்துக்கு எலி வரும். வந்த எலி நூலைக் கடித்துக் கூடு கட்டும். பாவில் இருப்பவை ஆயிரக்கணக்கான இழைகள். அறுந்த ஒவ்வோர் இழையையும் தேடிப் பிடித்து முடிய வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைகளுக்கு உரியது. ஆகையால் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பூனை என்பது சம்பளம் வாங்காத காவற்காரர்.

இந்த வீட்டுக்குள் விளையாட்டு மிகுந்த நாய்க்குட்டி ஒன்றைத் திடீரென்று இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? குட்டி துரத்தும். பூனை உயரமான இடத்தைத் தேடித் தாவும். கூடத்தில் உயரமாக, நீளமாக, கைக்கெட்டும் இடத்தில் இருப்பது தறிதான். நகங்களை விரித்துக்கொண்டு பூனை பாவின்மேல் பாய்ந்தால், எலி ஒரு வாரத்தில் செய்யும் சேதம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அப்பாவும் அம்மாவும் பல நாள் உழைத்த கூலி அது. இன்னொரு இழப்பும் உண்டு. நாய் ஆளோடு பழகும், பூனை வீட்டோடு பழகும் என்பார்கள் பெரியவர்கள். வீடு தனக்குப் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் பூனை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். திரும்பி வரும் என்று உறுதி கூற முடியாது.

நாயின் முன்னோர் ஓநாய்கள், கூட்டமாக வேட்டையாடியவை. ஆகவே புதிதாக ஒருவரைக் கண்டால் ஓடிச் சென்று மோந்து பார்ப்பது நாய்க்கு மரியாதை. பூனையோ தனியாக வேட்டையாடும் பிராணி. மேற்காசியாவில் மனிதன் பயிர்செய்து தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கியபோது, களஞ்சியத்து எலியைத் தேடித் தானாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. தன் எல்லைக்குள் முன்பின் அறியாதவர் ஓடி வந்தால் அதற்கு அது படையெடுப்பு!

உடற்குறிகளும் இப்படியே முரண்படும். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலை இப்படியும் அப்படியும் வீசினால் எரிச்சல். பூனை வாலை நேரே தூக்கிக்கொண்டு வந்தால் நலம் விசாரிக்கிறது என்று பொருள். நாய் வாலை விறைப்பாகத் தூக்கினால் எதிர்த்து நிற்கிறது. நாய்க்குட்டி முன்காலைத் தூக்கினால் "விளையாட வா" என்கிறது. பூனை காலைத் தூக்கினால் அடுத்த கணம் அறை விழும். நாய் மல்லாந்து படுத்தால் பணிவு. சண்டையில் பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் தயார் என்று பொருள். அறியாத நாய்க்குட்டி அதையும் பணிவென்று எண்ணி மூக்கை நீட்டும். பிறகு மூக்கைத் தடவிக்கொண்டு அழும்.

இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அவை நட்பாகவே இருந்தன. பத்தில் ஒரு பங்கு வீடுகளில்தான் சண்டை. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் சந்தித்துக்கொண்டால் நட்பு எளிதில் அமைகிறதாம். பூனை முதலில் வந்து நாய் பின்னால் வந்த வீடுகளில் நிலைமை இன்னும் நன்று. அதாவது நம் தறி வீடுகளின் வரிசையே சரியான வரிசை! பழகிய பின் ஒன்றின் உடற்குறியை மற்றொன்று கற்றுக்கொள்கிறது என்பதும், பூனைகளின் வழக்கமான மூக்கோடு மூக்கு வைக்கும் வணக்கத்தை நாய்களும் கற்றுக்கொள்கின்றன என்பதும் எங்களை மிகவும் கவர்ந்த செய்திகள்.

நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம் என்று ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அந்த வயதில் பார்ப்பதெல்லாம் அதற்கு உறவு. ஆனால் கண் திறந்ததும் தூக்கி வருவது கொடுமை. எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கும். தம்பிமார் இதைப் படிக்கமாட்டார்கள். அக்காமார்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. குட்டி வந்த அன்றே இரண்டையும் முகத்துக்கு முகம் காட்டுவது வேண்டாம். புழக்கடைத் தாழ்வாரத்திலோ, கதவுள்ள சிற்றறையிலோ ஒரு சாக்கு விரித்துக் குட்டியை அங்கே வைக்கலாம். வீட்டின் மற்ற பகுதியெல்லாம் முன்போலவே பூனைக்கு உரியது. முதல் அறிமுகம் மூக்கின் வழியாக நடக்கட்டும். பழைய துணி ஒன்றால் பூனையின் கன்னத்தை மெல்லத் தடவிக் குட்டியின் படுக்கையருகே போடுங்கள்; குட்டியைத் துடைத்த துணியைப் பூனை நடமாடும் இடத்தில் போடுங்கள். பூனையின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உள்ளன. தூணிலும் நம் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது தன் மணத்தைப் பூசுவதற்கே. துணியைக் கண்டு சீறாமல், மோந்துவிட்டுப் போய்விட்டால் அடுத்த படிக்குச் செல்லலாம். இதற்கு இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அவசரம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை.

அடுத்து, மூடிய கதவுக்கு இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வைக்க வேண்டும். அந்த மணம் வரும்போதெல்லாம் வயிறும் நிறைகிறது என்று இரண்டும் தெரிந்துகொள்ளும். பிறகு கதவைச் சற்றே திறந்து, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தொலைவிலிருந்து பார்க்க விடலாம். குட்டி ஓடி விளையாடிக் களைத்திருக்கும் நேரமே இதற்கு உகந்தது. பூனையைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுங்கள். துள்ளினால் அடிக்க வேண்டாம். அமைதியாக அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். பூனையைக் கண்டால் அடி விழும் என்று கற்ற குட்டி பூனையை நேசிக்குமா? பூனையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முகத்தெதிரே நீட்டுவதும் கூடாது. முதலில் கீறல் படுவது நம் கையில்தான்.

பூனைக்கு ஏறி உட்கார ஓர் உயரமான இடம் இன்றியமையாதது. பரண் இருக்கும் வீட்டில் கவலையில்லை. ஏறுவதற்கு வழி மட்டும் விட்டுவைத்தால் போதும். பரண் இல்லாவிட்டால் அலமாரியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு வையுங்கள். பூனைக்கு ஓட வேறு உயரம் இருந்தால் அது தறியை நாடாது. தறிக்குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்ச்சியாக இருப்பதால் பூனைக்கு அது விருப்பமான படுக்கை. குட்டிக்கோ ஒரே வாசல் உள்ள அந்தப் பள்ளம் எதிரியை மடக்கும் இடம். நெய்யாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடிவிடுவது நல்லது.

லீமா நகரில் வாழ்ந்து 1639-இல் மறைந்து, 1962-இல் புனிதர் பட்டம் பெற்ற மார்ட்டின் தெ போரஸைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாயும் பூனையும் எலியும் அவர் காலடியில் ஒரே தட்டில் உண்ணும். புனிதருக்கு அது கைகூடியது. நாமோ தனித்தனித் தட்டுகளே வைப்போமாக! இதற்கு உணவு முறைக் காரணமும் இருக்கிறது. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்க்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். பூனையின் மீனைக் குட்டி தின்றுவிட்டால் நட்டம் பூனைக்கே. ஆகவே பூனையின் தட்டு உயரத்தில் இருக்கட்டும்.

தறி வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. அதுதான் நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை; வாயில் சிக்கிய பட்டு இழையை அதனால் துப்ப முடியாமல் விழுங்கியே தீரும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்கவே கூடாது. அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குட்டியும் பூனையும் விளையாடத் தொடங்கிவிட்டால் தார்க்குச்சிகள் உருளும், இழைகள் சிதறும். தார் சுற்றும் ராட்டையருகே விழும் கழிவு நூலை அன்றன்றே கூட்டி அள்ளுவது நம் போன்ற பெண்பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. தம்பிமாரும் செய்யலாமே என்பது எங்கள் கருத்து!

உண்ணி மருந்திலும் எச்சரிக்கை தேவை. நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. நாய்க்குத் தீங்கில்லாத அது பூனைக்குக் கொடிய நஞ்சு. "ஒரே பூச்சிதானே" என்று இரண்டுக்கும் தடவினால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரும் போகலாம். குட்டிக்குத் தடவியிருந்தால் மருத்துவர் சொல்லும்வரை பூனையைப் பிரித்தே வையுங்கள். பாரசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு ஆகாது.

குட்டி வந்ததும் அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பூச்சி மருந்து கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பின் ஆண்டுதோறும். பூனைக்கும் அந்த ஊசி உண்டு என்பதைப் பலர் அறியார். வெறிநோய் பூனையின் கடியாலும் கீறலாலும் வரக்கூடும். பழக்கும் நாள்களில் பல்லோ நகமோ நம்மீது பட்டால் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். லூயி பாஸ்டர் 1885-இல் முதன்முதல் ஒரு சிறுவனுக்குப் போட்ட தடுப்பூசியின் வழிவந்ததே இன்றைய ஊசி. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவது பழைய கதை. அந்த மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது கையில், தோலுக்குள், முதல் நாளும் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடுகின்றனர். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர்.

எந்தக் குட்டி தறி வீட்டுக்கு ஏற்றது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை நம் நாட்டுப் பெருமைக்குரிய இனங்கள். இராசபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வெளிவந்தது. ஆனால் ஓடுவதைத் துரத்துவது வேட்டை நாய்க்கு இரத்தத்தில் ஊறியது. சிறு கூடத்தில் தறியும் பூனையும் இருக்கும் வீட்டுக்குத் தெருவில் பிறந்த குட்டியே நாங்கள் பரிந்துரைப்பது.

சில வாரங்களில் ஒன்றை ஒன்று பார்த்தும் பாராமல் நடமாடத் தொடங்கினால் அதுவே வெற்றி. ஒரே சாக்கில் சுருண்டு படுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வயதான பூனைகள் சில கடைசிவரை நாயின் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டா. ஆளில்லாத நேரத்தில் ஒரே கூடத்தில் விட்டுச் செல்வது குட்டி வளர்ந்து அடங்கிய பிறகே. காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும் வேளையில் குட்டியை அவிழ்த்துவிடாதீர்கள். அண்டை வீட்டாரின் பாவும் பாவுதான். இரவில் நாய் திண்ணையிலும் பூனை கூடத்திலும் இருக்கட்டும். எலி புறப்படும் நேரம் அதுதானே!