சிலிகாவின் பயனும் தீங்கும்

மலிந்து கிடக்கும் பொருளை மக்கள் மதிப்பதில்லை. நாம் காலால் மிதித்துச் செல்லும் ஆற்றுமணலும் அத்தகையதே. அதன் பெரும்பகுதி சிலிகா என்னும் பொருளாகும். சிலிக்கன் அணு ஒன்றுக்குப் பிராணவாயுவின் அணு இரண்டாகச் சேர்ந்து அமைந்ததே சிலிகா. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இயற்கையில் சிலிகா இருவகைத்து. அணுக்கள் ஒழுங்குபெற அமைந்தது படிகவகை. ஒழுங்கின்றி அமைந்தது படிகமல்லாத வகை. படிகக்கல்லும், செவ்வந்திக்கல்லும், சிக்கிமுக்கிக்கல்லும் முன்னதன் பாற்படும். ஓபல் என்னும் மணி பின்னதன் பாற்படும். டயாட்டம் என்னும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்த சிலிகாவைக் கவர்ந்து தமக்கு ஓடு அமைத்துக்கொள்கின்றன. நெற்பயிரும் அதனை வேரால் உறிஞ்சி உமியிற் சேர்த்து வைக்கின்றது. ஆதலின், உமிக்கரியாற் பல் துலக்கிய நம் முன்னோர் தம்மை அறியாமலே சிலிகாவைப் பயன்படுத்தினர் எனலாம்.

இனி, தொழிற்சாலையிற் புகுவோம். தூய சிலிகா உருகுதற்குச் சுமார் 1700 பாகை சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். சோடா உப்பைச் சேர்ப்பின் அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும். உடன் சுண்ணாம்புக்கல்லும் சேர்ப்பின், நீரிற் கரையாத கண்ணாடி உண்டாகும். சோடாவுடன் மட்டும் உருக்கினால், நீரிற் கரையும் சோடியம் சிலிகேட்டுக் கிடைக்கும். அக்கரைசலிற் கந்தகத் திராவகத்தைச் சேர்க்க, சிலிகா கூழாகவோ வெண்பொடியாகவோ பிரியும். கூழை உலர்த்தினால் ஈரம் உறிஞ்சும் மணிகளாகும். வெண்பொடி ரப்பருக்கு உறுதி தரும். படிகக்கல்லைக் கரியுடன் மின்னுலையிலிட்டால், பிராணவாயு நீங்கிச் சிலிக்கன் தனித்து நிற்கும்.

இத்துணை நலம் தரும் பொருளே உயிரைப் போக்குதலும் உண்டு. படிகச் சிலிகாவின் நுண்ணிய தூள் மூச்சுடன் உட்சென்றால், நுரையீரலிலே தங்கி அதனைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. 1930-31ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில், ஆற்றுநீரைத் திருப்ப மலையைக் குடைந்தனர். பாறையிற் சிலிகா மிகுந்திருந்தமையின், அதனையும் மின்னுலைகளுக்கென வெட்டியெடுத்தனர். பாறையை நனையாது துளைத்தமையால் சுரங்கமெங்கும் தூள் நிறைந்தது. அதனைச் சுவாசித்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அவருட் பெரும்பாலார் வேலை தேடி வந்த ஏழைக் கறுப்பினத்தார்.

நீர் பாய்ச்சித் துளைத்தலும், நல்ல காற்றோட்டமும், தக்க முகமூடியும் இத்தீங்கைத் தடுக்கவல்லன. இவை அரியவும் அல்ல. கண்ணாடிச் சாளரத்தருகே அமர்ந்து கற்கும் நாம், கல்லுடைப்பாரின் மூச்சையும் ஒருகணம் நினைத்தல் தகும் அன்றோ?